நடுத்தூண்

படியில் பாதி இறங்கியதுமே விட்டாலிக்குக் கால் நகர மறுத்தது. கீழே ஆறு தெரிந்தது. இரண்டு நாள் மழையில் கோகோ கரைத்ததுபோல நிறம் மாறி, கரையோர மூங்கில் புதரில் பாதியை விழுங்கிக்கொண்டு போனது. பாலத்தின் நடுத்தூணில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அது தண்ணீருக்கு மேலே தெரிகிறதா என்று பார்த்துவிட்டு வரச் சொல்லித்தான் அக்கா அனுப்பியிருந்தாள். அதற்கு இன்னும் நாற்பத்தைந்து படி இறங்கி, கரை விளிம்புக்குப் போய், பாலத்துக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும்.

குடையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றாள். தண்ணீரின் இரைச்சலுக்குள் இன்னொரு சத்தம் கேட்டது. ஆற்றின் அடியில் பெரிய கற்கள் ஒன்றோடொன்று மோதி உருண்டு போகும் சத்தம். ஒன்பது வயதில் அதை முதன்முதலாகக் கேட்டாள். அவர்கள் ஊரான பெல் ரிவ்வில் அப்போது பாலம் கிடையாது. அண்ணன் ஃபிர்மின் தலையில் வாழைத்தாரோடு அவளுக்கு முன்னால் ஆற்றில் இறங்கினான். இடுப்பளவு தண்ணீர்தான் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். வாழைத்தார் மிதந்து போனதை அவள் பார்த்தாள். ஃபிர்மினைப் பார்க்கவில்லை.

தீவின் தலைநகர் ரோசோவிலிருந்து வரும் பதினோரு மணி மினிபஸ் பாலத்தில் ஏறியது. உள்ளிருந்து யாரோ அவளைப் பார்த்துக் கையாட்டினார்கள். வண்டி இந்தப் பக்கம் வந்து சேரும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்துவிட்டு, விட்டாலி திரும்பி மேலே ஏறினாள்.

வீட்டில் அக்கா எர்மீன் ஜன்னலோரக் கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தாள். வயிற்றில் கட்டி என்று ஜனவரியில் தெரிந்தது. இது அக்டோபர். நர்ஸ் காலையில் ஊசி போட்டுவிட்டுப் போயிருந்தாள். ஆறடிக்குக் கொஞ்சம் குறைந்த உயரம், தலைக்கவசமும் முழங்கால் பூட்ஸுமாக ஆண்களை விரட்டி வேலை வாங்கிய உடம்பு, இப்போது போர்வைக்கு அடியில் இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருந்தது.

“தெரியுதா?” என்றாள் கண்ணைத் திறக்காமலேயே.

“தெரியுது அக்கா.”

“தண்ணிக்கு மேல எத்தனை விரல்?”

“நாலு விரல் இருக்கும்.”

எர்மீன் கண்ணைத் திறந்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தாள். அந்தக் கரைக்குப் போய்வந்தால் கணுக்கால்வரை செம்மண் ஒட்டும். ஊரில் எல்லோருக்கும் தெரியும். விட்டாலியின் செருப்பு மழையில் நனைந்து சுத்தமாக இருந்தது. அவள் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் கூரைத் தகரத்தில் மழை விழுவதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு எர்மீன் பேச ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினாள்.

“அந்தத் தூணுக்குக் குழி தோண்டினப்ப நாலு மீட்டர் எழுபதுல பாறை தட்டுப்பட்டுச்சு. நானே இறங்கி சுத்தியலால தட்டிப் பார்த்தேன். கெட்டிச் சத்தம். இதான் அடிப்பாறை, இது மேலயே கட்டுங்கன்னேன். மழைக்காலம் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு அவசரம்.”

அக்கா இதையெல்லாம் ஏன் தன்னிடம் சொல்கிறாள் என்று விட்டாலிக்கு விளங்கவில்லை. பாலம் கட்டி முப்பத்தோரு வருஷம் ஆகிறது.

“போன வருஷ வெள்ளத்துக்கப்புறம் ஆத்தோட அடித்தரை இறங்கிடுச்சு. வெளியூர்லேர்ந்து முக்குளிக்கிறவனை வரவழைச்சு அடியில பார்க்கச் சொன்னேன். அது பாறை இல்ல, விட்டாலி. பெரிய உருண்டைக்கல்லு. அதுக்குக் கீழ மணல்.”

“அப்போ பாலம்?”

“கோடு வரைக்கும் தண்ணி வந்தா தாங்கும். மூணு தடவை கணக்குப் போட்டேன். அதுக்கு மேல வந்தா எனக்குத் தெரியாது.”

அக்கா எதையாவது தெரியாது என்று சொல்லி விட்டாலி கேட்டதே இல்லை. கொத்தனார் வந்து அந்தக் கோட்டைப் போட்டபோது ஊரே சிரித்தது நினைவுக்கு வந்தது. பாலத்தம்மா தூணுக்கு உதட்டுச்சாயம் பூசியிருக்கிறாள் என்றார்கள். எர்மீனும் கூடச் சேர்ந்து சிரித்தாள். கோடை வந்ததும் அடியில் கான்கிரீட் நிரப்பிச் சரிசெய்துவிடலாம், அதற்குப் பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்திருக்கிறாள். கோடைக்கு முன் கட்டி வந்துவிட்டது.

“உன் மகன்கிட்ட சொன்னியா?”

எர்மீன் தலையை அசைத்தாள். இல்லை.

“கோடு முழுகினா ஆளுகளைப் பாலத்துல விடாதே,” என்றாள்.

பஸ்ஸுக்குள்ளிருந்து கையாட்டியவர்களை விட்டாலி நினைத்தாள். நான் கீழே போகவே இல்லை அக்கா, கோட்டைப் பார்க்கவே இல்லை என்று நாக்கு நுனிவரை வந்தது. “இரு, இன்னொரு தடவை பார்த்துட்டு வரேன்,” என்று மட்டும் சொல்லி எழுந்தாள்.

“கிட்டப் போய்ப் பாரு,” என்றாள் எர்மீன்.

விட்டாலி கதவருகே உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டினாள். இரண்டாவது காலை மாட்டும்போது உள்ளே மூச்சின் சத்தம் மாறியது. ஓடிவந்து கையைப் பிடித்தாள். அதற்குப் பிறகு எர்மீன் எதுவும் பேசவில்லை. மழை விட்டு வெயில் வந்த மூன்று மணிக்கு உயிர் போனது. ஒரு காலில் பூட்ஸும் இன்னொரு காலில் செருப்புமாக விட்டாலி அவள் கண்ணை மூடிவிட்டாள்.

மறுநாள் மதியம் வானொலியில் மரண அறிவிப்பு வந்தது. விட்டாலி ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டே கேட்டாள். பெல் ரிவ்வைச் சேர்ந்த எர்மீன் லாரோக், பாலத்தம்மா என்று அனைவராலும் அறியப்பட்டவர், வயது எழுபத்து நான்கு. ட்ரினிடாட் பல்கலைக்கழகத்தில் தாம் சேர்ந்த ஆண்டில் கட்டடப் பொறியியல் வகுப்பில் இருந்த ஒரே பெண். கயானாவில் கடல்சுவர் கட்டியவர். பார்படோஸில் சொந்த நிறுவனம் தொடங்கி ஒன்பது தீவுகளில் பாலங்கள் அமைத்தவர். பிறந்த ஊருக்குப் பாலமும் பள்ளிக்கு ஆய்வுக்கூடமும் தந்தவர். பதினெட்டுப் பெண்களைப் படிக்க வைத்தவர். இவ்வளவையும் ஒரே மூச்சில் வாசித்துவிட்டு அறிவிப்பாளர் உறவினர் பெயர்களுக்கு வந்தார். மகன் லென்னார்ட், தங்கை விட்டாலி, ஏற்கெனவே மறைந்த தம்பி ஃபிர்மின்.

வங்கியில் கடன் கேட்கப் போனபோது உன் புருஷனைக் கூட்டிக்கொண்டு வா என்று சொன்ன மேலாளரைப் பற்றி அதில் இல்லை. அந்த மேலாளர் வீட்டு மதில் சரிந்தபோது அதே ஆள் அவளைத் தேடிவந்ததும் இல்லை. ஃபிர்மின் போன பிறகு பதினைந்து வயதில் எர்மீன் ஒரு கம்பில் அளவு கீறி, தினமும் பள்ளிக்குப் போகுமுன் ஆற்றில் ஊன்றிப் பார்த்து நோட்டில் எழுதிவைத்தாள். அதுவும் இல்லை.

வெளிநாட்டிலிருந்து ஆட்கள் வந்துசேர வேண்டுமென்று அடக்கத்தைப் பத்து நாள் தள்ளிவைத்தார்கள். தினமும் சாயங்காலம் வீடு நிறைந்தது. காப்பி, கருவாட்டு வடை, ரம், முற்றத்தில் டொமினோ ஆட்டம். வந்தவர்கள் எல்லோரும் பாலத்தைப் பற்றியே பேசினார்கள். பிரசவ வலியில் பாலம் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், பாலத்தின் மேல் நின்று கல்யாணம் கேட்டவன், பெரும்புயலில் தீவே கவிழ்ந்தபோதும் நம் பாலம் அசையவில்லை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்ட கிழவர். விட்டாலி தட்டை ஏந்திக்கொண்டு நடுவில் நிற்பாள். சொல்லிவிடலாம் என்று வாய் திறப்பாள். அந்த முகங்களைப் பார்ப்பாள். இன்னும் ஒரு வடை எடுத்துக்கொள்ளுங்கள் என்பாள்.

ஊராட்சித் தலைவர் ஒக்டேவிடம் மட்டும் ஒருநாள் சுற்றிவளைத்து, யாராவது அந்தப் பாலத்தை ஒருதரம் பார்த்தால் தேவலை என்றாள். ஒக்டேவ் நல்ல மனிதர்தான். சின்ன வயதிலிருந்து அவளைத் தெரியும். குழாய்த் தண்ணீரைப் பார்த்தாலே ரெண்டடி தள்ளி நிற்கிற ஆள் நீங்கள் என்று சொல்லிச் சிரித்தார். சுற்றியிருந்தவர்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். அக்கா பாலம் கட்டியவள், தங்கை பாலத்தில் ஏற யாருடைய கையையாவது தேடுகிறவள் என்பது ஊரில் பழைய பகடி. மழையும் ஓய்ந்திருந்தது. ஆறு இறங்கித் தெளிந்து, சிவப்புக் கோடு மேலேயிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அவள் முதலில் அதைத்தான் பார்த்தாள். இப்படியே அடக்கம் முடிந்துவிட்டால் லென்னார்டிடம் நிதானமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

அடக்கத்துக்கு முந்தின நாள் மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது.

அடக்கத்தன்று, சனிக்கிழமை காலை, வானம் வெளுத்திருந்தது. ஆனால் மலையில் பெய்த தண்ணீர் அப்போதுதான் இறங்கி வந்துகொண்டிருந்தது. விட்டாலி பூட்ஸை மாட்டிக்கொண்டு தொண்ணூறு படியும் இறங்கினாள். கரை விளிம்பில் ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நடுத்தூணைச் சுற்றித் தண்ணீர் சுழித்துக்கொண்டிருந்தது. கோடு இல்லை. அது இருக்க வேண்டிய இடம் எங்கே என்றுகூட அவளால் சொல்ல முடியவில்லை. மேலே வந்து பாலத்தின் கைப்பிடியில் உள்ளங்கையை வைத்தாள். மாவு அரைக்கும் எந்திரத்தின் மேல் கை வைத்ததுபோல இரும்பு அதிர்ந்தது. அது எப்போதும் அப்படித்தானா, இன்றைக்கு மட்டுமா? வாழ்க்கையில் ஒருநாளும் அதைத் தொட்டு நின்று பார்த்திராததால் அவளுக்குத் தெரியவில்லை.

லென்னார்ட் கறுப்புக் கோட்டுப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றிருந்தான். நாற்பத்தாறு வயது. அம்மாவின் பார்படோஸ் நிறுவனத்தை இப்போது நடத்துவது அவன்தான். பொறியியல் படிக்கவில்லை, வியாபாரம் படித்தவன். விட்டாலி கதவைச் சாத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். சுத்தியல், உருண்டைக்கல், மணல், கோடு. பள்ளிக்கூட மண்டபம் இந்தக் கரையிலேயே இருக்கிறது, பூசையை அங்கே வைத்துக்கொள்ளலாம், ஆறு வடிந்ததும் அக்கரைக் கல்லறைக்குக் கொண்டுபோகலாம் என்றாள்.

அவன் டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடியும் போட்டான்.

“சித்தி, அம்மா மருந்து மயக்கத்துல இருந்தாங்க.”

“தெளிவாத்தான் பேசினா.”

“எங்கயாவது எழுதி வச்சிருக்காங்களா?”

“இல்லப்பா.”

“வேற யாராவது கேட்டாங்களா?”

“நான்தான் கேட்டேன்.”

அவன் திரும்பிப் பார்த்தான். போட்ட முடிச்சை மறுபடியும் அவிழ்த்தான். “அந்தப் பாலம்தான் எங்க கம்பெனியோட முகவரி மாதிரி. அம்மா அடிப்பாறை எது, வெறும் கல்லு எதுன்னு தெரியாம கட்டினாங்கன்னு அவங்க அடக்கத்தன்னிக்கு நான் சொல்லணுமா? நாளைக்கு நாங்க கட்டின ஒவ்வொரு பாலத்துக்கும் கீழ ஆளுக குனிஞ்சு பார்ப்பாங்க.”

பார்க்கட்டுமே என்று அவளுக்குத் தோன்றியது. சொல்லவில்லை.

காலையிலிருந்து பஸ்கள் போய்க்கொண்டுதான் இருக்கின்றன, அமைச்சரும் பாதிரியாரும் அந்தக் கரையில் காத்திருப்பார்கள், அம்மா அந்தப் பாலம் வழியாகத்தான் போக வேண்டும் என்று அவன் முடித்துவிட்டான். நீங்கள் பயப்படாமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வாருங்கள் என்று கடைசியாகக் கொஞ்சம் கனிவாகவும் சொன்னான். அந்தக் கனிவுதான் அவள் வாயைக் கட்டிப்போட்டது.

இரண்டு மணிக்குப் பெட்டியை எடுத்தார்கள். எர்மீன் படிக்க வைத்த பெண்களில் ஆறு பேர் அதைத் தோளில் சுமந்தார்கள். முன்னால் வலப்பக்கம் ஜோசெட். முப்பத்து நான்கு வயது, ரோசோவில் சாலைப் பொறியாளர். அவர்களுக்கு முன்னால் வாத்தியக்காரர்கள், அவர்களுக்கும் முன்னால் ஒக்டேவ். பின்னால் ஊர் முழுதும். ஊர்வலம் வளைந்து இறங்கும் தார்ச்சாலையில் மெதுவாகப் போனது. விட்டாலி லென்னார்டின் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு வளைவு நடந்தாள். மூன்றாவது வளைவில் கையை உருவிக்கொண்டு, படிவழியில் தனியாக இறங்கினாள். அவளுக்குச் சரியாக ஒரு நோக்கமும் இல்லை. அவர்களுக்கு முன்னால் அங்கே போக வேண்டும் என்பது மட்டும்தான்.

பாலத்தின் முகப்புக்கு வந்தபோது அவள் அப்படியே நின்றுவிட்டாள். பாலத்தின் மேல் பள்ளிக்கூடப் பெண்குழந்தைகள் நின்றார்கள். வெள்ளைச் சட்டை, நீலப் பாவாடை, கையில் பூக்கூடை. பாலத்தம்மா போகும்போது தூவுவதற்காக ஒக்டேவ் அரைமணி நேரத்துக்கு முன்பே இரண்டு ஓரமும் நிறுத்தி வைத்திருந்தார். இருபத்திரண்டு பேர். மேலேயிருந்து வேரோடு வந்த ஒரு மரம் நடுத்தூணில் இடித்து, ஒருகணம் நின்று, புரண்டு போனது. பாலம் முழுதும் ஒரு அதிர்வு ஓடியது. குழந்தைகள் வீறிட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

வாத்திய ஓசை வளைவைத் தாண்டி வந்தது. விட்டாலி சாலையின் நடுவில் போய் நின்றாள்.

ஒக்டேவ் தன் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அருகே வந்தார். “வழி விடுங்க அக்கா,” என்றார் தாழ்ந்த குரலில்.

“கூட்டிட்டுப் போகாதீங்க. கோடு முழுகிடுச்சு.”

அவருக்கு விளங்கவில்லை. வாத்தியக்காரர்கள் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். பின்னால் இருந்தவர்கள் என்ன என்ன என்று எட்டிப் பார்த்தார்கள். லென்னார்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வருவது தெரிந்தது. அவன் வந்துவிட்டால் தன்னால் சொல்ல முடியாது என்று அவளுக்குத் தெரிந்தது.

“நடுத்தூண் பாறை மேல நிக்கல,” என்றாள். குரல் அவளுடையதுபோலவே இல்லை. “என் அக்கா பாறைன்னு நினைச்சா. அது பாறை இல்ல. சாகறதுக்கு முன்னாடி அவளே என்கிட்ட சொன்னா. அவ தப்புப் பண்ணிட்டா.”

பின்வரிசையில் யாரோ ஒருவன் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினான். லென்னார்டின் முகத்தில் ரத்தமே இல்லை. துக்கத்தில் பேசுகிறாள், யாராவது கூட்டிக்கொண்டு போய் உட்கார வையுங்கள் என்று ஒக்டேவ் சொன்னார். இரண்டு பெண்கள் வந்து அவள் தோளைப் பிடித்தார்கள். இதமாகத்தான் பிடித்தார்கள். அக்கா பெயரையும் கெடுத்தாயிற்று, ஒன்றும் நிற்கவும் இல்லை என்று விட்டாலி நினைத்தாள்.

“எந்த ஆழம்னு சொன்னாங்களா ஆன்ட்டி?”

பெட்டிக்கு அடியிலிருந்து ஜோசெட்தான் கேட்டாள்.

“நாலு மீட்டர் எழுபது.”

அந்தப் பாலத்தின் வரைபடத்தைப் பார்த்துத்தான் ஜோசெட் முதன்முதலில் வரையக் கற்றாள். அதில் நடுத்தூணுக்குப் பக்கத்தில் எர்மீனின் கையெழுத்தில் அந்த எண் இருக்கிறது. ரொட்டி சுட்டு விற்கும் விட்டாலி அதைப் பார்த்திருக்க வழியில்லை.

“இறக்குங்க,” என்றாள் மற்ற ஐந்து பேரிடமும்.

பெட்டியைப் பஸ் நிறுத்தத்துப் பெஞ்சின் மேல் இறக்கினார்கள். ஜோசெட் பாலத்தின் ஓரத்தில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியின் நீளத்துக்குப் பார்த்தாள். எழுந்தாள். நடுவில் கம்பி ஒரு கட்டைவிரல் அளவுக்கு இறங்கியிருக்கிறது என்று ஒக்டேவின் காதுக்கு மட்டும் சொன்னாள். ஒக்டேவ் குழந்தைகளைக் கூப்பிட வாயருகே கையைக் குவித்தார். ஜோசெட் அவர் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

“கத்தினா எல்லாரும் சேர்ந்து ஓடுவாங்க. ஓடக் கூடாது.”

“நான் போறேன்,” என்றாள் விட்டாலி. “என்னைப் பார்த்தா பயப்பட மாட்டாங்க. தினமும் ரொட்டி வாங்கற பிள்ளைங்க.”

யாரும் மறுப்பு சொல்வதற்குள் அவள் பாலத்தில் கால் வைத்துவிட்டாள். பிறகுதான் தான் செய்தது உறைத்தது. கைப்பிடியைத் தொடவில்லை, தொட்டால் அதிர்வு கைவழியாக ஏறும். கீழே பார்க்கவில்லை. பாலத்தின் இணைப்பு இடுக்குகளில் பழுப்பு நிறம் ஓடுவது பார்க்காமலேயே தெரிந்தது. முதலில் நின்ற இரண்டு பெண்கள் அவளைப் பார்த்துச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அது சிரிப்பு மாதிரி இருந்ததா என்று அவளுக்குத் தெரியாது.

“நிகழ்ச்சி மாறிடுச்சு,” என்றாள். “ரெண்டு ரெண்டு பேரா அங்க போய் நில்லுங்க. மெதுவா நடக்கணும். ஓடினா பூ கொட்டிடும்.”

பூவை யாரும் கொட்டவில்லை. கூடையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு, பாதத்தைப் பார்த்துப் பார்த்து நடந்தார்கள். விட்டாலி அடுத்த ஜோடிக்குப் போனாள். அதற்கடுத்த ஜோடிக்கு. நடுவைத் தாண்டி நின்றவர்களைக் கையசைத்து மாதா கோவில் கரைக்கு அனுப்பினாள். அங்கே பாதிரியார் வெள்ளை அங்கியில் நின்று என்ன நடக்கிறதென்று புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். சரியாக நடுத்தூணுக்கு மேல், கூட நின்றவள் போன பிறகும் ஒரு சின்னப் பெண் மட்டும் மிச்சம். அவள் கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தாள்.

“ஆன்ட்டி, இது ஆடுது.”

“தெரியும். என் கையைப் பிடிச்சுக்கோ.”

குழந்தை கம்பியை விட்டுவிட்டு இவள் கையைப் பிடித்தது. யார் யாரை நடத்திக்கொண்டு வந்தார்கள் என்பதை விட்டாலியால் பின்னால் சொல்ல முடியவில்லை. பாலம் முடிந்து இந்தக் கரையின் தார்ச்சாலை வந்தது. அவள் இன்னும் பத்தடி நடந்து, சாலையோரப் புல்லில் உட்கார்ந்து வாந்தி எடுத்தாள்.

பாலம் விழவில்லை. பெட்டியைப் பள்ளி மண்டபத்துக்குக் கொண்டுபோய், அக்கரையிலிருந்த பாதிரியார் கைபேசியில் சொல்லச் சொல்ல இக்கரையில் எல்லோரும் எழுந்து நின்று செபித்தார்கள். அமைச்சர் திரும்பிப் போனார். சாயங்காலம் தண்ணீர் இறங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை வெயிலில் பாலம் எப்போதும்போல நின்றுகொண்டிருந்தது. ஜோசெட்டின் வற்புறுத்தலில் ஒக்டேவ் இரண்டு பக்கமும் கயிறு கட்டியிருந்தார். கயிற்றுக்கு முன்னால் வண்டிகளை நிறுத்திவிட்டு பஸ் ஓட்டுநர்கள் விட்டாலியின் காதில் விழும்படியே பேசினார்கள். கிழவி கனவு கண்டால் பாலத்தை மூடுவார்களாம். நாளைக்குக் கடல் பயமென்றால் கப்பலை நிறுத்துவார்கள். அன்றைக்கு ரொட்டி பாதிதான் விற்றது. லென்னார்ட் அவளுடன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீட்டில் இருந்துகொண்டு, அவள் அடுப்படியில் இருக்கும்போது அவன் முற்றத்துக்குப் போனான். அவள் முற்றத்துக்கு வந்தால் உள்ளே போனான்.

திங்கட்கிழமை ஆறு நன்றாக வடிந்திருந்தது. ஜோசெட் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இரண்டு ஆட்களோடு கீழே இறங்கினாள். ஒருமணி நேரம் கழித்து மேலே வந்து, வீட்டு வாசற்படியில் லென்னார்டிடம் சொன்னாள். நடுத்தூணுக்கு அடியில் கையை விட்டால் தோள்வரை உள்ளே போகிறது. அந்தப் பக்கத்தில் அடிமணல் முழுதும் போய்விட்டது. தூண் ஒரு கையகலம் சாய்ந்திருக்கிறது. சனிக்கிழமை அது எப்படி நின்றது என்று தன்னால் கணக்கிட்டுச் சொல்ல முடியாது என்றாள்.

“பிள்ளைங்க எத்தனை பேர் இருந்தாங்க?” என்று மட்டும் கேட்டான்.

“இருபத்திரண்டு.”

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். பின்னால் நானூறு பேர் வந்துகொண்டிருந்ததை ஜோசெட்டும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து அடுப்படிக்கு வந்தான். விட்டாலி ரொட்டிகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றை எடுத்து, நின்றபடியே, ஒன்றும் தொட்டுக்கொள்ளாமல் முழுதும் தின்றான். பிறகு கூடையின் மறுபக்கத்தைப் பிடித்து வெளியே தூக்கிவைக்க உதவினான்.

மதியம் புறப்பட்டார்கள். பாலம் இல்லையென்றால் அக்கரைக்கு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். மூன்று மணி நேரம். வாழைத்தார் ஏற்றும் லாரியைக் கழுவி, பெட்டியைத் தார்ப்பாய் போட்டு மூடி வைத்தார்கள். சவ ஊர்வலம் என்று சொல்ல ஆளில்லை. ஓட்டுநர், பக்கத்தில் ஒக்டேவ், பின்னால் பெட்டிக்கு ஒருபுறம் விட்டாலி, மறுபுறம் லென்னார்ட். ஒவ்வொரு வளைவிலும் பெட்டி நகராமல் இருவரும் ஆளுக்கொரு கையை அதன்மேல் வைத்துக்கொண்டார்கள். மலை மேலே போகப்போகக் குளிர்ந்தது. பெரணிச் செடிகள் லாரியின் ஓரத்தில் உரசின. ஒருமுறை லென்னார்ட் அம்மாவுக்கு வலி அதிகமாக இருந்ததா என்று கேட்டான். கடைசி நாளில் வலி இல்லை என்றாள் விட்டாலி.

உச்சி தாண்டி இறக்கத்தில் ஒரு சிற்றாறு வந்தது. அதன்மேல் ஒரு சின்னப் பாலம். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர்கள் நிறுவனம் கட்டியது. முகப்பில் சிறிய தகட்டில் பெயர் இருந்தது. ஓட்டுநர் ஏறப்போனார். லென்னார்ட் லாரியின் பக்கப்பலகையை இரண்டு முறை தட்டினான். வண்டி நின்றது.

அவன் கோட்டைக் கழற்றிப் பெட்டியின்மேல் வைத்துவிட்டு இறங்கினான். புதரை விலக்கிக்கொண்டு சரிவில் இறங்குவது கேட்டது. பிறகு பாலத்துக்கு அடியில் தண்ணீரில் கால் வைக்கும் சத்தம். பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ஒக்டேவ் ஜன்னல் வழியாகத் திரும்பி விட்டாலியைப் பார்த்தார்; முன்பக்கம் திரும்பிக்கொண்டார். ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார்.

வெகுநேரம் ஆனது. லென்னார்ட் மேலே ஏறி வந்தபோது தொடைவரை நனைந்திருந்தான். வரலாம் என்று ஓட்டுநரைப் பார்த்துத் தலையசைத்தான். லாரியில் ஏறவில்லை. பாலத்தின்மேல் முன்னால் நடந்தான். அவன் நடக்கும் வேகத்திலேயே லாரி அவன் பின்னால் நகர்ந்தது.